இளநீரும் இளங்கதிரும்

கொழிஞ்சாம்பாறை என்னும் ஊரின் பெயரைத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் நேயர்களில் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாயின் கீழ்ப்புறத்தில், சித்தூர் வட்டத்தில், கேரள மாநிலத்துக்குள் இருந்துகொண்டே தமிழ் வழங்கும் ஊர்களுள் அது ஒன்று. கொழிஞ்சி என்ற தழையுரச் செடியை நினைவூட்டும் பெயர். நாமெல்லாம் பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த பிறகு வேற்று மாநிலத் தமிழர் என்ற பெயரைப் பெற்றோம். அவ்வூரார் இருந்த இடத்தை விட்டு அசையாமலே அப்பெயரைப் பெற்றவர்கள். கேரளம் என்றவுடன் நம் மனக்கண்முன் எழும் ஓயாத மழையும் நீர் ததும்பும் கழிகளும் அங்கே இல்லை. தென்மேற்குப் பருவமழை மேற்கே பெய்யும் அளவுக்கு அங்கே பெய்வதில்லை. நிலத்தின் தோற்றமும் கரிசல் மண்ணும் கோயமுத்தூர்ச் சீமையையே ஒத்திருக்கின்றன. ஊரைச் சுற்றித் தென்னந்தோப்புகள். எல்லையைக் கடந்து கிழக்கே சென்றால் பொள்ளாச்சியின் தோப்புகள். இன்னும் சற்றுத் தள்ளி, உடுமலை, பல்லடம் பக்கங்களில், கோழிப்பண்ணைகளுக்குத் தீனியாகப் போகும் மக்காச்சோளக் காடுகள்.

தென்னைக்கும் மக்காச்சோளத்துக்கும் தோற்றத்தில் ஒற்றுமை ஏதும் இல்லை. ஒன்று அறுபது எழுபது ஆண்டுகள் நின்று காய்க்கும் மரம். மற்றொன்று நூறு நூற்றிருபது நாளில் கதிர் முற்றிக் காய்ந்துவிடும் பயிர். ஆயினும் சென்ற நூற்றாண்டின் விஞ்ஞான வரலாற்றில் இவ்விரண்டும் ஒரே கதையில் வருகின்றன. செடியின் ஒரு சிறு துணுக்கைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, அதிலிருந்து முழுச் செடியை மீண்டும் எழச் செய்யும் வித்தைக்குத் திசு வளர்ப்பு என்று பெயர். அந்த வித்தைக்கு வேண்டிய மருந்தைப் பிற செடிகளுக்கு வழங்கியவை இவ்விரண்டும். அம்மருந்துக்குத் தாம் மட்டும் நெடுங்காலம் இணங்காமல் நின்றவையும் இவையே. வாத்தியார் பிள்ளை மக்கு என்று நம்மவர் சொல்லுவார்களே, அது பயிர்களிடத்தும் உண்டு போலும்!

கதையின் தொடக்கம் 1902ஆம் ஆண்டில். காட்லீப் ஹாபர்லாண்ட் என்ற ஆஸ்திரியத் தாவரவியலார் அவ்வாண்டில் வியன்னா விஞ்ஞானக் கழகத்தின்முன் ஒரு கட்டுரையை வைத்தார். இலையிலிருந்து தனித்தனி உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, சர்க்கரையும் உப்புகளும் கலந்த நீரில் இட்டு அவர் வளர்த்துப் பார்த்திருந்தார். உயிரணுக்கள் பல நாள் உயிரோடிருந்தன, பருத்தன, மாவுப்பொருளைச் சேமித்தன. ஆனால் ஒன்றேனும் இரண்டாகப் பிரியவில்லை. சோதனை தோற்றது என்று சொல்லலாம். எனினும் தோல்வியை வைத்துக்கொண்டே அவர் ஒரு பெரிய கருத்தைக் கூறினார்: செடியின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் முழுச் செடியாகும் ஆற்றல் உறங்குகிறது, அதை எழுப்பும் பொருள் எது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அது. கருவிலிருந்து சுரக்கும் ஏதோ ஒன்று அந்த வேலையைச் செய்யக்கூடும் என்று கருப்பையில் உள்ள நீர்மங்களின்பால் அவர் கருத்தைத் திருப்பினார். அதை அவரே தேடிக் காண இயலவில்லை.

அந்தப் பொருளைத் தேடியவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் தென்னமரத்தடி. 1941ஆம் ஆண்டில் வான் ஓவர்பீக் என்பவரும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவில் ஊமத்தையின் மிக இளைய கருக்களைக் குடுவையில் வளர்க்க முயன்றனர். எந்த ஊட்டநீரிலும் அவை பிழைக்கவில்லை. கடைசியில் தேங்காய்க்குள்ளிருந்த நீரைச் சேர்த்தார்கள், கருக்கள் வளர்ந்தன. இவ்விடத்தில், மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நாம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும். ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அந்த நீருக்குத் தேங்காய்ப்பால் என்று பொருள்படும் சொல்லே பல்லாண்டுகள் வழங்கியது. அகராதியை நம்பி அப்படியே தமிழாக்கினால், துருவலைப் பிழிந்து ஆப்பத்துக்கு ஊற்றும் பாலைத்தான் விஞ்ஞானிகள் குடுவையில் ஊற்றினார்கள் என்று நம் வீட்டுப் பெண்மணிகள் நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் ஊற்றியது இளநீர். கலைப்பாடம் படித்துவிட்டு விஞ்ஞானக் கோப்புகளை மொழிபெயர்க்க உட்காரும் நம் போன்றவர்கள், இத்தகைய இடங்களில் ஊருக்கு எழுதிக் கேட்டுத்தான் தெளிய வேண்டியிருக்கிறது. இளநீர் என்பது என்ன? தேங்காயின் உள்ளே இருக்கும் சிறு கருவுக்காகத் தாய்மரம் கட்டிவைத்த சோறு. பின்னர் வழுக்கையாகவும் பருப்பாகவும் இறுகப்போவது அதே பொருளின் நீர்நிலை.

பிறகு ஸ்டூவர்ட் என்ற அறிஞர் வந்தார். கேரட்டுக் கிழங்கின் சிறு துணுக்குகளை இளநீர் கலந்த ஊட்டநீரில் இட்டுச் சுழற்றிக்கொண்டே இருந்தார். துணுக்குகள் பெருகின, அவற்றிலிருந்து உதிர்ந்த உயிரணுக் கூட்டங்கள் வேர்விட்டன, தளிர்விட்டன. 1958ஆம் ஆண்டில், கிழங்கின் உயிரணுக்களிலிருந்தே முழுக் கேரட்டுச் செடி எழுந்த செய்தி வெளியாயிற்று. ஹாபர்லாண்ட் சொன்னது ஐம்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு மெய்யாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, ஸ்கூக், மில்லர் என்ற இருவர் புகையிலைத் திசுவில் இன்னோர் உண்மையைக் கண்டிருந்தனர். ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள் மிகுந்தால் திசு வேர்விடும்; கைனெட்டின் என்ற பொருள் மிகுந்தால் தளிர்விடும்; இரண்டும் ஒத்திருந்தால் வடிவமற்ற திரளாகவே பெருகும். சமையலில் உப்பும் புளியும் போல, அளவில்தான் வித்தை இருக்கிறது.

இனி மக்காச்சோளத்தின் பங்கைக் காண்போம். மணி பால் பிடிக்கும் பருவத்தில் கதிரை உரித்து நகத்தால் கீறினால் வெண்ணிறப் பால் வழிவதை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம். இதுவும் கருவுக்காகக் கட்டிய சோறுதான். தென்னையின் இளநீருக்கு அண்ணன் தம்பி முறை. லாரூ என்ற அமெரிக்க அறிஞர் 1949ஆம் ஆண்டில், இந்தப் பால்மணியின் சதையை மட்டும் தனியே எடுத்துக் குடுவையில் இடைவிடாமல் வளர்த்துக் காட்டினார். திசு வளர்ந்தது, செடி ஆகவில்லை. 1963ஆம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த லீத்தம் என்பவர் இளம் மக்காச்சோள மணிகளின் சாற்றிலிருந்து, உயிரணுக்களைப் பிரியத் தூண்டும் பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். மக்காச்சோளத்தின் லத்தீன் பெயரான ஜியா என்பதிலிருந்தே அதற்கு ஜியாட்டின் என்று பெயரிட்டார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றபின் இளநீரைச் சோதித்தபோது, அதனுள்ளும் அதே ஜியாட்டின் இருப்பது தெரியவந்தது. வேறு வேறு கண்டத்தில் தோன்றிய மரமும் பயிரும் தம் குழந்தைக்கு ஊட்டிய சோற்றில் ஒரே மருந்தை வைத்திருந்தன!

இந்தக் காலத்தில் இந்தியா கைகட்டி நிற்கவில்லை. தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் பஞ்சானன் மகேசுவரி என்னும் பேராசிரியர், செடிகளின் கருவியலை ஆராயும் ஒரு பெரும் மாணவர் பரம்பரையை உருவாக்கியிருந்தார். அத்துறையில்தான் 1964ஆம் ஆண்டில் சிப்ரா குஹா, எஸ். சி. மகேசுவரி ஆகிய இருவரும் ஊமத்தையின் மகரந்தப் பையைக் குடுவையில் வளர்த்து, மகரந்தத்தூளிலிருந்தே கருக்களை எழச் செய்தனர். தந்தையின் பாதி மரபை மட்டும் கொண்ட செடி அவ்வாறு பிறந்தது. அதன் மரபை இரட்டித்துவிட்டால், பல தலைமுறை தன்மகரந்தம் சேர்த்துப் பெறவேண்டிய தூய வித்து ஒரே அடியில் கைக்கு வரும். உலகெங்கும் பயிர்ப்பெருக்க ஆராய்ச்சியாளர் அதனைப் பின்பற்றினர். தில்லியில் வாழும் நம் நேயர்கள் அப்பல்கலைக்கழகத்தின் பக்கம் பேருந்தில் எத்தனை முறை போயிருப்பார்கள்! இச்செய்தியை அறிந்து போனவர் எத்தனை பேரோ?

கேரட்டு எழுந்தது, புகையிலை எழுந்தது, ஊமத்தை எழுந்தது. மக்காச்சோளம் எழவில்லை. இலையை வைத்துப் பார்த்தார்கள், தண்டை வைத்துப் பார்த்தார்கள், வேர்நுனியை 1922ஆம் ஆண்டிலேயே ராபின்ஸ் என்பவர் வளர்த்துப் பார்த்திருந்தார். வேர் வேராகவே நீண்டு, மெலிந்து, அடங்கிற்று. நெல், கோதுமை, சோளம், கரும்பு எல்லாம் அடங்கிய புல் குடும்பமே இப்படிப் பிடிவாதம் பிடிப்பது என்று பெயர் வாங்கியிருந்தது. புல்லினச் செடியின் இலையும் தண்டும் வளர்ந்து முற்றும்போது அவற்றின் உயிரணுக்கள் பிரியும் பழக்கத்தை விரைவில் மறந்துவிடுகின்றன என்பதே காரணம். கேரட்டுக் கிழங்கைப் போலக் காயம் பட்டவுடன் விழித்தெழும் சுபாவம் அவற்றுக்கு இல்லை. மருந்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள் சலித்துப்போனார்கள்.

மருந்தில் குற்றமில்லை, எடுத்த உறுப்பிலும் எடுத்த நாளிலும்தான் குற்றம் என்பது 1975ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கிரீன், பிலிப்ஸ் என்ற இருவர், இலையையும் தண்டையும் விட்டுவிட்டு, பால்மணிக்குள் இருக்கும் முற்றாத கருவை எடுத்தார்கள். மகரந்தம் பட்டு மூன்று வாரம் ஆகுமுன் கதிரை ஒடிக்கவேண்டும். உறையை உரித்து, கதிரைக் கிருமிநீக்கி நீரில் அலசி, மணியின் தலையைக் கூரிய கத்தியால் சீவி, உள்ளிருக்கும் கருவை நெம்பி எடுக்கவேண்டும். ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் நீளந்தான் இருக்கும், எள்ளைவிடச் சிறியது. ஒரு பக்கம் முளைக்குருத்து. மறுபக்கம் கேடயம் போல் கவிந்திருக்கும் வித்திலை. இதைக் கடற்பாசிக் கூழின்மீது வைக்கும்போது முளைப்பக்கம் கீழாகவும் கேடயப்பக்கம் மேலாகவும் இருக்கவேண்டும். தலைகீழாக வைத்தால் கரு வழக்கம்போல் முளைத்துவிடும். நாம் வேண்டும் திரள் உண்டாகாது. கூழில் சேர்க்கும் ஆக்சின் எது தெரியுமா? வயலில் களைக்கொல்லியாகத் தெளிக்கும் 2,4-டி என்ற அதே பொருள். மிகுந்தால் களையைக் கொல்லும்; மிகச் சிறிதளவில் கருவின் கேடயத்தைத் திரளாகப் பெருகச் செய்யும். திரள் பெருகியபின் அந்த 2,4-டி இல்லாத கூழுக்கு மாற்றினால், அதன்மேல் பச்சைப் புள்ளிகள் தோன்றித் தளிராகி, வேர்விட்டு, மக்காச்சோளச் செடியாக எழுகின்றன.

இரண்டு நாள் பிந்தினால் கரு முற்றிவிடும், திரள் வராது. இரண்டு நாள் முந்தினால் கருவைக் கையாளவே முடியாது. எழுபது ஆண்டுப் பிடிவாதம் இந்தச் சில நாள் இடைவெளிக்குள் அடங்கியிருந்தது. இளங்கருவைத் தேடிப்போகும் இவ்வழியை மற்றப் புல்லினப் பயிர்களிலும் நிலைநாட்டியவர்களுள், தில்லியில் பஞ்சானன் மகேசுவரியிடம் பயின்று பின்னர் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இந்திர வாசில் குறிப்பிடத்தக்கவர்.

செடி எழுந்தது சரி. அதனால் உழவனுக்கு என்ன பயன்? மக்காச்சோளத்தில் ஒரு பயிரை மட்டும் அப்படியே நகலெடுப்பதால் பெரிய ஆதாயம் இல்லை. விதை மலிவாகவே பெருகும் பயிர் அது. பயன் வேறிடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல 1970ஆம் ஆண்டின் அமெரிக்கக் கேட்டைச் சொல்லியாக வேண்டும். ஒட்டுவீரிய விதை செய்ய இரண்டு தூய வரிசைகளை அருகருகே விதைத்து, தாய்வரிசையின் உச்சியில் உள்ள ஆண் பூங்கொத்தைக் கையால் ஒடித்துவிடுவார்கள். அப்போதுதான் அயல் மகரந்தம் சேரும். கூலி மிகுந்த வேலை. டெக்ஸாஸில் கண்ட ஒருவகை மக்காச்சோளத்தில் ஆண் பூ தானாகவே மலடாக இருந்தது. தாய்வழியாக அம்மலட்டுத்தன்மை இறங்கியது. ஒடிக்கும் கூலி மிச்சம் என்று விதைக் கம்பெனிகள் எல்லாம் அதனைக் கைக்கொண்டன. 1970க்குள் அந்நாட்டு மக்காச்சோளத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்தத் தாய்வழியே ஆயிற்று. அவ்வாண்டில் இலைக்கருகல் பூஞ்சணத்தின் ஒரு புதிய இனம் பரவியது. அது கக்கும் நஞ்சு டெக்ஸாஸ் தாய்வழியை மட்டும் குறிபார்த்துக் கொன்றது. நாட்டின் மகசூலில் ஏறத்தாழ 15 சதவீதம் ஒரே பருவத்தில் போயிற்று.

மின்னசோட்டாவில் கெங்கன்பாக், கிரீன் முதலியோர் அந்த நஞ்சையே குடுவைக்குள் கலந்தார்கள். டெக்ஸாஸ் வகையின் திசுத்திரள் பெரும்பாலும் மடிந்தது. பிழைத்த துணுக்குகளை எடுத்து மீண்டும் நஞ்சில் இட்டார்கள். மீண்டும் பிழைத்தவற்றை எடுத்தார்கள். ஏக்கர் கணக்கான வயலில் பல பருவங்கள் நின்று செய்யவேண்டிய தேர்வை, மேசைமேல் வைத்த சில குடுவைகளுக்குள் செய்தார்கள். பிழைத்த திரளிலிருந்து செடிகளை எழுப்பி 1977ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். செடிகள் நோயைத் தாங்கின. ஆனால் அவற்றின் ஆண் பூ மலடாக இல்லை, மகரந்தம் உதிர்த்தது! எந்தக் குணத்துக்காக டெக்ஸாஸ் வகையை விரும்பினார்களோ அந்தக் குணமே போய்விட்டது. நஞ்சுக்கு இலக்காவதும் ஆண் மலடாவதும் ஒரே மரபணுவின் இரு வேலைகள் என்பது பத்தாண்டுகளுக்குப் பிறகு தெளிவாயிற்று. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க வழியில்லை. விதைக் கம்பெனிகள் பழையபடி ஆளை அமர்த்திப் பூங்கொத்தை ஒடிக்கத் தொடங்கின. வரலாற்றில் இப்படி வெற்றியாகவும் தோல்வியாகவும் ஒருங்கே முடிந்த ஆராய்ச்சி சிலவே. நம் மனத்துக்கு இதுவே இக்கதையின் மிகச் சுவையான பகுதி.

இன்னொரு தடையும் இருந்தது. குடுவைக்கு இணங்கியது ஏ188 என்ற வகை. அது வயலுக்கு உதவாத நோஞ்சான். வயலில் வீரியம் காட்டிய வகைகள் குடுவைக்கு இணங்கவில்லை. இரண்டையும் கலந்து 1991இல் ஓர் இடைவகையை ஆக்கினார்கள். அதற்குச் சற்று முன், 1990ஆம் ஆண்டில், இந்தத் திரளுக்குள் அயல் மரபணுவை நுழைத்து, விதை தரும் செடியாக எழுப்பும் முறை கைகூடியது. புழு தாங்கும் மக்காச்சோளம் என்று இன்று அமெரிக்கக் கண்டத்தில் விதைக்கப்படுவன எல்லாம் இவ்வழியின் சந்ததி. 2016ஆம் ஆண்டில், கருவாகும் குணத்தைத் தூண்டும் மரபணுக்களை முன்கூட்டிச் சேர்த்து, இணங்காத உயர்வகைகளையும் இணங்கவைத்தனர்.

நம் நாட்டில் மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை வணிகப் பயிராக விதைக்க அனுமதி வழங்கப்படவில்லை. 2018ஆம் ஆண்டில் படைப்புழு கர்நாடகத்தில் முதலில் காணப்பட்டு, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளுக்குள்ளும் புகுந்தபோது, அந்த அனுமதி பற்றிய வாதம் மீண்டும் எழுந்தது. இருபுறத்து வாதத்திலும் பொருள் உண்டு என்பதற்குமேல் இங்கே நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. ஆனால் இவ்வாதம் நடக்கும்போது, பயிர்ப்பெருக்கம் என்பதே அயல் மரபணு நுழைப்புத்தான் என்று பலர் எண்ணிவிடுவது வருந்தத்தக்கது. 1957ஆம் ஆண்டில் தொடங்கிய அகில இந்திய மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் 1961ஆம் ஆண்டில் கங்கா, ரஞ்சித், தக்காணம் என்ற பெயர்களில் ஒட்டுவீரிய விதைகளை வழங்கியபோது, குடுவையும் இல்லை, கூழும் இல்லை. வயலும் பொறுமையுமே கருவிகள். ஒரு தூய வரிசையை உண்டாக்க ஆறேழு தலைமுறை காத்திருந்தார்கள். பாதி மரபுச் செடியை உண்டாக்கி அதன் மரபை இரட்டிக்கும் முறையில் இன்று அதே வேலை இரண்டு தலைமுறையில் முடிகிறது. அதற்கென்றே ஒரு நிலையம் கர்நாடகத்தில் குணிகல் என்னும் ஊரில் 2021ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கே குடுவைக்குப் பதில், பாதி மரபு விதையைத் தூண்டும் தனி வகை ஆண் வரிசையைப் பயன்படுத்துகிறார்கள். வழி வேறு, 1964இல் தில்லி ஊமத்தை காட்டிய இலக்கு அதேதான்.

மக்காச்சோளம் இவ்வாறு இணங்கியது. தென்னை?

தென்னைக்கு நகலெடுக்கும் வித்தை மிக அவசரமாகத் தேவை. வேர்வாடல் என்னும் நோய், 1882ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் திருவாங்கூரில் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் தோன்றியது. நடுக் கேரளத்தின் தோப்புகளை நலித்தது. அண்மை ஆண்டுகளில் கணவாயைக் கடந்து பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளுக்கும் வந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறை இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. மரத்தை இந்நோய் உடனே கொல்வதில்லை. ஓலை விலா எலும்பு போல வளைந்து தொங்க, காய் குறைந்து, மரம் ஆண்டுக்கணக்கில் நலிகிறது. மருந்து கிடையாது. ஆனால் நோயுற்ற தோப்பின் நடுவிலேயே சில மரங்கள் ஒன்றும் நேராதவை போலக் காய்த்துக்கொண்டிருக்கின்றன. அத்தகைய மரத்தை அப்படியே ஆயிரமாகப் பெருக்கிவிட முடியுமானால் போதும். தென்னையோ விதையால் மட்டும் பெருகும் மரம். கிளை இல்லை, பதியன் இல்லை. நெட்டைத் தென்னையின் காயில் பாதி மரபு தாய்மரத்தினது. மறுபாதி காற்றும் வண்டும் கொண்டுவந்த ஏதோ மரத்தினது.

காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், நோய் தாங்கும் மரங்களிலிருந்து தேர்ந்தெடுத்து கல்பஸ்ரீ, கல்பரக்ஷா முதலிய வகைகளை வழங்கியிருக்கிறது. தேங்காயின் கருவைப் பெயர்த்துக் குடுவையில் முளைக்க வைப்பதும் அங்கே நடக்கிறது. ஒரு கருவுக்கு ஒரு கன்று. 2021ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் லூவன் நகரத்து ஆராய்ச்சியாளர், இளங்கன்றின் குருத்தைப் பல குருத்துகளாகப் பிரித்துப் பெருக்கிக் காட்டினர். அதுவும் கருவிலிருந்து பிறந்த கன்றுதான். தோப்பில் நின்று காய்க்கும் முற்றிய மரத்தைத் தோட்டத்துக்கு வேண்டிய எண்ணிக்கையில் நகலெடுக்கும் வித்தை, உலகத்துக்கெல்லாம் இளநீர் வழங்கிய அந்த மரத்துக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஆதலால் கொழிஞ்சாம்பாறைத் தோப்புக்காரர் இன்றும் தம் பாட்டனார் செய்ததையே செய்கிறார். நடுவயதுத் தாய்மரம் ஒன்றைப் பார்த்து வைத்து, முற்றிய நெற்றைக் கயிறு கட்டி இறக்கி, நிழலில் மணல் பரப்பி வரிசையாகப் பதித்து, முளை எப்போது வெளிவரும் என்று நாள்தோறும் நீர் விட்டுக் காத்திருக்கிறார்.